வயிற்று வலி என்று வந்தவர்: அதிகாலை ட்ரையாஜில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 ஆடி மாதம். வட மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு தாலுகா மருத்துவமனை. அவசர சிகிச்சைப் பிரிவு 'தாய்' என்ற தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்ட முறைப்படி இயங்குகிறது. வாசலில் ட்ரையாஜ் மேசை, அதாவது வருபவர்களை அவசரத்தின் அளவுப்படி பிரிக்கும் இடம். உள்ளே மிக அவசரத்துக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், காத்திருக்கக்கூடியவர்களுக்குப் பச்சை என்று மூன்று பகுதிகள். இரவுப் பணியில் ஒரு டியூட்டி டாக்டரும் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்களும் இருந்தார்கள். ஒருவர் ட்ரையாஜில், மற்றவர் உள்ளே.

அன்று ஐந்து மணி வாக்கில் லாரியும் வேனும் மோதிய விபத்தில் இரண்டு பேர் தலைக்காயத்தோடு வந்து சிவப்புப் பகுதியில் இருந்தார்கள். டாக்டரும் உள்ளே இருந்த நர்ஸும் அவர்களை விட்டு நகர முடியாத நிலை. இரவுப் பணியின் கடைசி இரண்டு மணி நேரம் எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளிக்கு வயது 34, விவசாயி. அன்று அவருடைய ஊருக்கு மும்முனை மின்சாரம் இரவு முறையில். நள்ளிரவுக்கு மேல் கரண்ட் வந்ததும் மோட்டார் போட வேண்டும் என்பதால் பம்ப்செட் கொட்டகையிலேயே தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். மூன்றரை மணிக்கு வயிற்று வலியோடு விழிப்பு வந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தார், இரண்டு முறை வாந்தி எடுத்தார். வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வலி நிற்காததால் மச்சான் பைக் ஓட்ட, மாமியார் பின்னால் பிடித்துக்கொள்ள, நடுவில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

கொட்டகை, பாய், தரை எல்லாம் பிற்பாடு தெரிந்தவை. வந்தபோது அவர்கள் சொன்னது ஒன்றுதான்: "வயித்து வலி சிஸ்டர், கேஸ் போல இருக்கு."

முதல் மதிப்பீடு: 5.38

நாடித் துடிப்பு 104. ரத்த அழுத்தம் 150/90. மூச்சு நிமிடத்துக்கு 20. ஆக்ஸிஜன் 98 சதவீதம். காய்ச்சல் இல்லை. சர்க்கரை 126. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். வலி பத்துக்கு எட்டு என்றார். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருந்தது, இறுக்கம் இல்லை, அழுத்தினால் வலி கூடவும் இல்லை. இந்தப் பொருத்தமின்மையை ட்ரையாஜ் நர்ஸ் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவைத்தார். இதன் முக்கியத்துவம் பின்னால் வரும்.

முந்தின இரவு எட்டு மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்ததாக மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னார். குடி, மேல்வயிற்று வலி, வாந்தி என்றால் இரைப்பைப் புண்ணோ கணைய அழற்சியோ நினைவுக்கு வருவது இயல்பு. மாரடைப்பும் வயிற்று வலியாக வரும் என்பதால் நர்ஸ் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். துடிப்பு வேகம் தவிர அதில் எதுவும் இல்லை. மஞ்சள் பட்டை கட்டி, மருந்து ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போட்டு, மஞ்சள் பகுதியில் படுக்க வைத்தார்.

அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலுக்கு மஞ்சள் சரியான நிறம் என்பதே என் கருத்து. பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் நேரே சிவப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். முடிவு தெரிந்த பிறகு அப்படிச் சொல்வது சுலபம். கடும் வயிற்று வலியை எல்லாம் சிவப்புக்கு அனுப்பினால் சிவப்பு என்ற நிறத்துக்கே பொருள் இருக்காது. அன்று கைகொடுத்தது முதல் நிறம் அல்ல. அந்த நர்ஸ் மறுபடி போய்ப் பார்த்ததுதான்.

இரண்டாவது மதிப்பீடு: 5.56

மஞ்சள் நோயாளிகளை அரை மணிக்கு ஒரு முறை பார்ப்பது அங்கே வழக்கம். இந்த நர்ஸ் பதினைந்து நிமிடத்திலேயே போனார். வயிறு மெத்தென்று இருக்க வலி மட்டும் எட்டு என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நின்றவரைப் பார்க்க நோயாளி முகவாயை மேலே தூக்கி, நெற்றியைச் சுருக்கினார். பார்வை கீழ்நோக்கி வந்தது. இமை பாதி மூடியிருந்தால் மனிதர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள், தங்களை அறியாமலே. "ராத்திரி பூரா தூங்கல சிஸ்டர், அதான் கண்ணு சொக்குது" என்றார் மாமியார். பேச்சும் லேசாகக் குழறியது. குடித்தவர் குழறுவதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட இடம் இருந்தது. நர்ஸ் யோசித்தது வேறு விதமாக. எட்டு மணிக்குக் குடித்த போதை விடியும்போது இறங்கியிருக்க வேண்டும். 5.38-க்குத் தெளிவாகப் பேசியவருக்கு 5.56-க்குப் பேச்சு குழறுகிறது என்றால் அது போதையின் போக்கு இல்லை.

"தம்பி, தலையை ஆட்டாம என் விரலை மட்டும் பாருங்க" என்று விரலை மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அரை நிமிடத்துக்குள் இரண்டு இமைகளும் சரிந்தன. மேலே பார்த்தபடி வைத்திருக்க முடியவில்லை. அடுத்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். 17-இல் நின்றார். அந்த வயதுக்காரர் முப்பதைச் சுலபமாகத் தாண்டுவார். வலியால் மூச்சு பிடிக்க முடியாமலும் எண்ணிக்கை குறையலாம் என்பதால் ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் இமையும் எண்ணிக்கையும் சேர்ந்து வரும்போது கதை வேறு.

அப்புறம் அவர் கேட்ட இரண்டு கேள்விகள். "ராத்திரி எங்கே படுத்திருந்தார்?" கொட்டகை, பாய், தரை எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. "வாந்தி எப்படி எடுத்தார்?" மாமியார் சொன்னார்: "ஓமத் தண்ணி குடிச்சாரு, கொஞ்சம் மூக்கு வழியா வந்துச்சு."

மூக்கு வழியாக வந்தது வாந்தி இல்லை. விழுங்கும்போது அண்ணம் மேலெழுந்து மூக்குப் பாதையை அடைக்க வேண்டும். அந்தத் தசை தளர்ந்தால் குடித்த தண்ணீர் மேலே ஏறிவிடும். அப்படியானால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தளர்ச்சி தொடங்கிவிட்டது.

நிறம் மாற்றம்

5.59-க்கு நர்ஸ் தானே நோயாளியைச் சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போனார். டாக்டர் வந்து பார்த்து மாற்றச் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. தலைக்காய நோயாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே டாக்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: "சார், தரையில படுத்தவர், அதிகாலை வயிற்று வலி, இப்ப இமை சரியுது, ஒரு மூச்சில 17தான் எண்ணறார். கட்டுவிரியனா இருக்கலாம்." நீளமாகச் சொல்லியிருந்தால் அந்தச் சூழ்நிலையில் காதில் ஏறியிருக்காது.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. எலி, தவளை, மற்றச் சிறு பாம்புகளைத் தேடி வீடு, கொட்டகைக்குள் வரும். தரையில் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வீக்கம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது, பல்தடம் பல நேரம் தெரியவே தெரியாது. கடிபட்டவர் தூங்கிக்கொண்டே இருப்பார். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, தொண்டை வலி, வாந்தி. பிறகு இமை, பேச்சு, விழுங்குதல், கழுத்து, கடைசியாக மூச்சுத் தசை என்று மேலிருந்து கீழாகத் தளர்ச்சி இறங்கும். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மூன்றும் கடித்த இடத்தில் பெரும்பாலும் ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் போகும். கட்டுவிரியன் அப்படி வைக்காது.

உடையைக் களைந்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கு, காதுமடல், முடியோரம் வரை தேடினார்கள். இடது முழங்கைக்கு மேல் ஒரு கீறல் இருந்தது. முள் கீறியதாகவும் இருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாம்பை யாரும் பார்க்கவில்லை, கடித்த தடம் இல்லை. விஷமுறிவு மருந்து போடுவதா? டாக்டர் போடுவது என்றார். 6.05-க்கு 20 நிமிட உறைதல் சோதனைக்காகப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தார்கள். அதன் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. ரத்தம் உறைந்தால் அவற்றின் பக்கம் சந்தேகம் குறையும், அவ்வளவே. கட்டுவிரியன் விஷம் நரம்பைத்தான் தாக்கும், ரத்தம் வழக்கம்போல் உறையும். 'உறைந்துவிட்டது, அதனால் பாம்புக் கடி இல்லை' என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய கதைகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 6.25-க்குப் பார்த்தபோது ரத்தம் நன்றாக உறைந்திருந்தது.

6.14-க்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து தொடங்கியது. ஒவ்வொரு குப்பியும் உலர்த்திய தூள். 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துக் கெட்டுப்போகலாம். அவசரத்தில் இருக்கும் கை குலுக்கத்தான் பார்க்கும். சோதனை ஊசி போடவில்லை. ஒவ்வாமை வருமா என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது என்பதால் வழிகாட்டுதலே அதைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக 0.5 மில்லிகிராம் அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றித் தலைமாட்டில் வைக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் அது தேவைப்பட்டது. கழுத்திலும் மார்பிலும் தடிப்பு, உடம்பெல்லாம் நடுக்கம். மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் போட்டு, ஒவ்வாமையை அடக்கும் அவிலும் ஹைட்ரோகார்டிசோனும் கொடுத்தார்கள். தடிப்பு அடங்கியதும் 6.40-க்கு மெதுவாக மறுபடி தொடங்கினார்கள்.

இடையில் நரம்பின் செய்தி தசைக்குப் போய்ச் சேர உதவும் நியோஸ்டிக்மினும், அதன் பக்கவிளைவைத் தடுக்கும் அட்ரோபினும் கொடுத்துப் பார்த்தார்கள். இமை எழும்பவில்லை. நாகத்தின் விஷம் தசைப் பக்கத்தில் அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகளை அடைக்கிறது. அங்கே நியோஸ்டிக்மின் கைகொடுக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது, அங்கே அதற்குப் பெரிதாக வேலை இல்லை. எந்தப் பாம்பு என்று தெரியாதபோது ஒரு முறை கொடுத்துப் பார்ப்பது நியாயம். பலன் இல்லாத மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டு நேரத்தைக் கரைப்பதில் நியாயம் இல்லை.

மிகக் கடினமான முடிவு, மூச்சுக் குழாயை இங்கேயே போடுவதா, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போய்ச் சேர்ந்த பிறகா என்பது. பயணம் ஒன்றரை மணி நேரம். ஒரே மூச்சில் எண்ணியது 6.00-க்கு 17, 6.20-க்கு 12, 6.40-க்கு 8. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எச்சில் வாயில் தேங்க ஆரம்பித்தது. மூச்சு நிமிடத்துக்கு 28 ஆகி, ஆழமில்லாமல் மேலோட்டமாக ஓடியது. இத்தனைக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டியது 97.

இந்த 97-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அந்தக் கருவி வந்துவிட்டது. எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்ற நம்பிக்கை மருத்துவமனைக்குள்ளும் ஊறிவிட்டது. நிமோனியாவில் நுரையீரல் கெடுகிறது, ஆக்ஸிஜன் எண் முதலிலேயே விழும். இங்கே நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, அதை விரிக்கும் தசைதான் ஓய்கிறது. கரியமில வாயு தேங்கும், ஆனால் கருவி அதை அளப்பதில்லை. முகமூடி வழியாக ஆக்ஸிஜனும் போய்க்கொண்டிருந்தால் எண் இன்னும் நேரம் கழித்துத்தான் விழும். அது விழும்போது மூச்சு நிற்கப் போகிறது என்று பொருள்.

ஓடும் வண்டியில், எச்சில் தேங்கிய வாயில், குலுங்கலுக்கு நடுவே குழாய் போடும் நிலை வரக்கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். மயக்கவியல் மருத்துவர் ஒரு சிசேரியனுக்காக அப்போது வளாகத்தில் இருந்தார். இது அதிர்ஷ்டம், ஏற்பாடு என்று சொல்ல முடியாது. 6.50-க்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போடப்பட்டது. அதற்கு முன் நோயாளியிடம் குனிந்து, என்ன செய்யப் போகிறோம், ஏன் பேச முடியாமல் போகும், கூட யார் வருகிறார் என்று நர்ஸ் சொன்னார்.

பயணமும் ஒப்படைப்பும்

7.15-க்கு 108 கிளம்பியது. காலைப் பணிக்கு வந்த நர்ஸ் ஒருவர் கூடப் போனார். அவரும் 108 மருத்துவ உதவியாளரும் குழாய் வழியாகக் கையால் காற்றுச் செலுத்தும் பையை (அம்பு பேக்) மாறி மாறி அழுத்தினார்கள். பாதி வழியில் குழாயில் சளி அடைத்து, ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்ட, சக்‌ஷன் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குக் கிளம்பும் முன்பே போன் செய்திருந்ததால் வென்டிலேட்டர் தயாராக இருந்தது.

பரிந்துரைச் சீட்டில் 'பாம்புக் கடி சந்தேகம்' என்று மட்டும் எழுதவில்லை. விஷமுறிவு தொடங்கிய நேரம், இடையில் நிறுத்திய நேரம், எத்தனை குப்பி, ஒவ்வாமை வந்தது, அட்ரினலின் கொடுத்தது, உறைதல் சோதனை முடிவு, மூச்சு எண்ணிக்கை மூன்று முறை நேரத்தோடு. அங்கே இருந்தவர்கள் அடுத்த 10 குப்பியைத் தாமதமில்லாமல் தொடங்க அது உதவியது என்று பிறகு சொன்னார்கள். மொத்தம் 20 குப்பி, அதற்கு மேல் கொடுக்கவில்லை. நரம்பு முனைக்குள் போய்விட்ட விஷத்தைக் கூடுதல் குப்பி திரும்ப எடுக்காது.

விளைவு

ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தார். சிதைந்த நரம்பு முனைகள் மறுபடி வளர்ந்து வர அத்தனை நாள் ஆகும், அதுவரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. இரண்டாம் நாள் கைகால் அசைவு துளியும் இல்லை, கண்ணின் பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. பாம்பு விஷத் தளர்ச்சியை அறியாதவர் பார்த்தால் மூளைச் சாவு என்றே நினைப்பார். உறவினர் சிலர் அழுது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பேசியிருக்கிறார்கள். அங்கிருந்த நர்ஸ்கள் அவரிடம் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி ஒட்டி வைத்தார்கள்.

ஆறாம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. பத்தாம் நாள் வீடு திரும்பினார். கேட்டபோது, உறவினர் பேசியதில் பாதிக்கு மேல் தன் காதில் விழுந்ததாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். நள்ளிரவில் கரண்ட் வந்து மோட்டார் போட எழுந்தபோது முழங்கைப் பக்கம் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றதாம். தட்டிவிட்டுப் படுத்துவிட்டார். பாம்பு கடைசி வரை அகப்படவில்லை. கேஸ் ஷீட்டில் நோய்க் கணிப்பு 'நரம்பு நச்சுப் பாம்புக் கடி, கட்டுவிரியனாக இருக்கக்கூடும்' என்றே நிற்கிறது.

தமிழ்நாட்டில் பாம்புக் கடி 2024 நவம்பர் முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். பாம்பைப் பார்க்காத கேஸை அனுப்பலாமா என்று குழப்பம் வந்தது. அனுப்பினார்கள், அதுவே சரி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மருத்துவமனைப் பதிவேடுகளில் காணும் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. இப்படிப்பட்ட கேஸ்கள் 'வயிற்று வலி' என்ற தலைப்பில் மூடிக்கிடப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மாறியவை

ட்ரையாஜ் படிவத்தில் கையால் ஒரு வரி சேர்த்தார்கள். அதிகாலை மூன்றிலிருந்து எட்டு வரை வயிற்று வலி, வாந்தி, தொண்டை வலி, தலைசுற்றல், கண் சொக்கல் என்று யார் வந்தாலும் 'இரவு எங்கே படுத்திருந்தார்?' என்ற கேள்வி கட்டாயம். ஆக்ஸிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு எண்ணிக்கைக்கும் கட்டம் போட்டார்கள். பாம்பு கடித்ததா என்று நேரடியாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவர்களுக்கே தெரியாதே.

உறைதல் சோதனைக்கான கண்ணாடிக் குழாய்கள் தனிப் பெட்டிக்கு வந்தன. அதுவரை ஆய்வகத்தில் சோப்புப் போட்டுக் கழுவியவற்றோடு கலந்து கிடந்தன. சோப்புப் படிந்த குழாயில் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம்.

பாம்பைப் பார்க்காமல் 10 குப்பியைச் செலவழித்தது வீண் இல்லையா என்று ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. கையிருப்பு குறைவாக உள்ள இடங்களில் இது நியாயமான கவலைதான். ஆனால் தளர்ச்சி வளர்ந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்த்த பிறகு பாம்பின் சாட்சிக்குக் காத்திருக்க முடியாது. வெறும் வயிற்று வலியோடு, இமையும் எண்ணிக்கையும் சரியாக உள்ளவருக்கு மருந்து போடாமல் கண்காணிப்பில் வைப்பது என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. எத்தனை மணி நேரம் என்பதில் இழுபறி. கடைசியில் 24 மணி நேரம் என்று எழுதினார்கள்.

நோயாளியிடம் கட்டிலும் நன்றாகச் செருகிய கொசுவலையும் பற்றிச் சொல்லி அனுப்பினார்கள். கொட்டகையில் படுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மும்முனை மின்சாரம் இரவில் வரும்வரை அவர் அங்கேதான் படுத்தாக வேண்டும்.

மாறாமல் இருப்பது ஆள்பலம். அதிகாலை நேரத்தில் மஞ்சள் நோயாளிகளை 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று முடிவானது. ட்ரையாஜில் இன்னும் ஒரே நர்ஸ்தான். மூன்று பேர் ஒன்றாக வந்தால் அந்த 15 நிமிடம் 40 ஆகிவிடுகிறது. மஞ்சள் பகுதி நோயாளிகளின் கூட வந்தவர்களிடம், இமை சரிந்தாலோ பேச்சு குழறினாலோ எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ வந்து கூப்பிடச் சொல்லி வைக்கிறார்கள். இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸ் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை.